ஆட்டிசத்தைத் தனித்து அடையாளம் கண்ட லியோ கானர்

இன்றைய உக்ரைனில் உள்ள சிற்றூர் ஒன்றில் 1894-ஆம் ஆண்டு பிறந்த லியோ கானர், பெர்லினில் மருத்துவம் பயின்று, 1924-இல் அமெரிக்காவில் குடியேறினார். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1930-இல் குழந்தைகள் மனநலப் பிரிவைத் தொடங்கினார்.

8 சிறுவர்கள், 3 சிறுமிகள் குறித்து 1943-இல் அவர் எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலையாக முன்வைத்தது. பிறரிடமிருந்து முற்றிலும் விலகியிருத்தல், அன்றாட ஒழுங்கு சிறிதும் மாறக்கூடாது என்ற பிடிவாதம் ஆகியவற்றையே முதன்மை அடையாளங்களாக அவர் கொண்டார். கண்டவர்க்கெல்லாம் அப்பெயரைச் சூட்டுவதை அவர் ஏற்கவில்லை.

இது பிறவியிலேயே அமைவது என்று அக்கட்டுரையில் கூறிய கானரே, பெற்றோரிடம் கனிவு குறைவு என்றும் குறிப்பிட்டிருந்தார். பிந்தைய கருத்தே வேரூன்றியது. பழி தாய்மார்கள் மீது விழுந்தது. 1969-இல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் அவர்கள்மீது குற்றமில்லை என அவர் அறிவித்தபோது, கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, ஆட்டிசத்தைக் குழந்தைப்பருவ மனச்சிதைவின் கீழிருந்து பிரித்தது 1980-இல்தான். 30 மாத வயதுக்குள் அறிகுறி தோன்ற வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை. மறு ஆண்டு, 86-ஆம் வயதில் கானர் காலமானார். அவர் குறுக்கி வைத்த எல்லை, 2013-இல் ஆஸ்பெர்கர் நிலையையும் உள்ளடக்கிய ஆட்டிச நிறமாலையாக விரிந்தது.