தான்சோன் தந்த மிகேல் ஃபாயீல்தே

கியூபா என்றதும் கரும்பும் புகையிலையும் புரட்சியும் நம் நினைவுக்கு வருகின்றன. அத்தீவின் ஆடலிசையைச் சற்றே அறிந்தோர் மாம்போ, சாச்சாச்சா என்னும் பெயர்களையும் கேட்டிருப்பர். அவ்விரண்டையும் ஈன்ற தாய் ஆட்டம் ஒன்று உண்டு. தான்சோன் என்பது அதன் பெயர். அதற்கு இசை வடிவம் தந்ததோடு நில்லாமல், ஒரு குழுவைக் கட்டிக் காத்து, ஊரார் ஆட ஆட அதை நிலைபெறச் செய்தவர் மிகேல் ஃபாயீல்தே.

1852ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், மத்தான்சாஸ் நகரைச் சார்ந்த நாட்டுப்புறத்தில் அவர் பிறந்தார். தந்தை ஸ்பெயினிலிருந்து வந்தவர், டிராம்போன் வாசிப்பவர். தாய் ஆப்பிரிக்கக் குருதியும் கலந்த கலப்பினப் பெண்மணி. கியூபா அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அடிமை முறையும் நீங்கியிருக்கவில்லை. மத்தான்சாஸ் சர்க்கரை ஏற்றுமதியால் செழித்த துறைமுகம். புலமையும் கலையும் மலிந்திருந்தமையால் அதனைக் கியூபாவின் ஏதென்ஸ் என்று போற்றினர். அப்புகழுக்கு அடித்தளமான செல்வமோ கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையில் விளைந்தது. மனிதனின் மதிப்பைத் தோலின் நிறத்தால் அளந்த அந்தச் சமுதாயத்தில் ஒரு கலப்பினச் சிறுவன் இசையை நாடி வளர்ந்தான்.

முதல் ஆசான் தந்தையே. சிறுவயதிலேயே நகரத் தீயணைப்பாளர் இசைக்குழுவில் கார்னெட் என்னும் சிறு ஊதுகருவியை வாசிக்கத் தொடங்கினார். பின்னர்ப் பெக்லியே என்ற பிரெஞ்சு ஆசிரியரிடம் இசையிலக்கணம் பயின்றார். வயோலா, டபுள் பாஸ் ஆகியவற்றிலும் பழக்கம் உண்டு. எனினும் இசை ஒன்றையே நம்பி வாழ இயலாத காலம் அது. தையற்கலையும் அவருக்குத் தொழிலாயிற்று. பகலில் ஊசி பிடித்த கை, இரவில் கார்னெட் பிடித்தது.

1871ஆம் ஆண்டில் தம் பெயரால் ஒரு குழுவை நிறுவினார். உடன்பிறந்தோரான எதுவார்தோவும் காந்திதோவும் அதில் இடம்பெற்றனர். கார்னெட், டிராம்போன், ஓஃபிகிளைடு என்னும் பெரிய பித்தளைக் குழல், இரு கிளாரினெட்டுகள், இரு வயலின்கள், டபுள் பாஸ், முரசுகள், குய்ரோ என்பன அக்காலத்து ஆடற்குழுவின் கருவிகள். குய்ரோ என்பது காய்ந்த சுரைக்குடுக்கையில் வரிவரியாகக் கீறி, குச்சியால் உரசி ஒலியெழுப்பும் கருவி.

அந்நாளில் ஆடப்பட்டது கொன்த்ரதான்சா. ஐரோப்பாவில் தோன்றிய இவ்வாட்டம் பல வழிகளில் கியூபாவை அடைந்தது. அவற்றுள் முக்கியமானது அண்டை நாடான ஹெய்ட்டி வழி. 1791ஆம் ஆண்டு அங்கு அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, கியூபாவின் கிழக்குப் பகுதிக்கு ஓடிவந்த பிரெஞ்சுக்காரரும் அவர்தம் அடிமைகளும் தங்கள் ஆட்டத்தையும் கொண்டுவந்தனர். அதனோடு வந்து கலந்தது சின்கியோ என்னும் ஆப்பிரிக்கத் தாளம். நெடில், குறில், நெடில், குறில், நெடில் என ஐந்து அடிகளாக அது நடக்கும்.

தான்சோன் என்னும் சொல் ஃபாயீல்தேவுக்கு முன்னரே வழங்கிற்று. மலர் வளைவுகளை ஏந்திப் பல இணைகள் கூடி ஆடிய அணிநடனத்தை மத்தான்சாஸ் மக்கள் அப்பெயரால் அழைத்தனர். அவர் செய்த புதுமை இசையில் அமைந்தது. நடையை மெதுவாக்கினார், வடிவத்தை நீட்டினார். முதலில் ஒரு முன்னிசை. அது ஒலிக்கையில் இணைகள் ஆடுவதில்லை. உலாவுவர், உரையாடுவர், பெண்கள் விசிறியால் வீசிக்கொள்வர். அடுத்துக் கிளாரினெட் பகுதியில் ஆட்டம். மீண்டும் முன்னிசை, மீண்டும் ஓய்வு. பின்னர் வயலின் பகுதி. வெப்பம் மிகுந்த தீவில் ஆட்டத்தின் நடுவே இளைப்பாறலுக்கும் இடம் வகுத்த அவ்வமைப்பு மக்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

1877ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய தான்சோன்களுள் ஒன்றுக்கு அந்நகரின் சிம்சன் மேட்டுப் பகுதியின் பெயரைச் சூட்டினார். 1879ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், மத்தான்சாஸ் உயர்குடியினரின் மன்றத்தில் அவர் குழு அதனை இசைத்தது. தான்சோனின் பிறந்தநாளாகக் கியூப மக்கள் கொள்வது அந்நாளையே. அடிமை முறை முற்றிலும் ஒழிய இன்னும் ஏழாண்டுகள் இருந்தன. அத்தகைய காலத்தில் கலப்பினத்தவர் ஒருவர் ஆக்கிய தாளத்துக்கு வெள்ளையர் மன்றம் அடியெடுத்து வைத்தது என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எதிர்ப்பும் எழாமலில்லை. இணைகள் நெருங்கி ஆடுவது ஒழுக்கக் கேடு என்றும், தாளம் ஆப்பிரிக்கச் சாயலுடையது என்றும் இதழ்கள் சில இழித்துரைத்தன. ஃபாயீல்தே தம் குழுவை நடத்திச் சென்றார், மேன்மேலும் இயற்றினார். எள்ளி நகையாடப்பட்ட ஆட்டமே, கியூபா விடுதலை பெற்றபின், நாட்டின் தேசிய நடனம் எனப் பெயர் பெற்றது.

வாழ்நாளின் இறுதிப் பகுதியில் காலம் மாறுவதை அவர் கண்டார். பித்தளைக் கருவிகள் விலகி, புல்லாங்குழலும் பியானோவும் முன்னே வந்தன. 1910ஆம் ஆண்டளவில் ஹோசே உர்ஃபே, சோன் என்னும் நாட்டுப்புற இசையின் துள்ளலைத் தான்சோனின் இறுதியில் சேர்த்தார். 1921ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஃபாயீல்தே மறைந்தார். அவருடைய குழுவில் வாசித்த அனிசேதோ தியாஸ், 1929இல் அதே மத்தான்சாஸில் தான்சோனோடு பாட்டை இணைத்துத் தான்சொனேத்தே என்னும் புது வகையை உருவாக்கினார். 1938இல் ஒரேஸ்தேஸ் லோப்பெஸ் இயற்றிய தான்சோன் ஒன்றின் பெயர் மாம்போ. 1950களின் தொடக்கத்தில் தான்சோன் குழுக்களில் பயின்ற என்ரிக்கே ஹொர்ரின் சாச்சாச்சாவைத் தந்தார். உலகம் இப்பெயர்களைக் கொண்டாடியது, வேரை மறந்தது. கியூபாவிலேயே தான்சோன் முதியோர் ஆட்டமெனக் கருதப்படலாயிற்று.

1964ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தவர் ஒருவர் அவர் வரலாற்றை நூலாக்கினார். எனினும் ஆடலிசை நூலில் வாழ்வதில்லை. வாசிக்கும் கைகளும் ஆடும் கால்களும் வேண்டும். 2012ஆம் ஆண்டில் அவர் வழித்தோன்றலான எத்தியேல் ஃபாயீல்தே என்னும் புல்லாங்குழல் கலைஞர் மத்தான்சாஸ் இளைஞர்களைத் திரட்டி, முன்னோர் பெயராலேயே ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். அக்குழு பழைய தான்சோன்களை இசைத்தது. தம் தலைமுறையின் இசையையும் அவற்றோடு இணைத்தது. மறு ஆண்டில் கியூபா தான்சோனைத் தன் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

புதியன கலந்தால் மரபு கெடும் என்று அஞ்சுவோர் எங்கும் உளர். ஃபாயீல்தே கொன்த்ரதான்சாவை அப்படியே காத்திருப்பாராயின் தான்சோன் பிறந்திராது; அவருக்குப் பின் வந்தோர் தான்சோனை அப்படியே காத்திருப்பாராயின் மாம்போ பிறந்திராது. மாற்றிய கைகளே காத்த கைகளும் ஆயின. அந்தத் தையற்காரர் வெட்டிய துணி ஒன்று. பின்வந்தோர் தத்தம் அளவுக்கு அதனைத் தைத்துக்கொண்டனர்.