மூச்சின் ஒலி கேட்ட மருத்துவர் லென்னக்

மருத்துவர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பே. அக்கருவியை உலகிற்கு அளித்த ரெனே லென்னக்கின் பெயரைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்திருப்போம். ஆயின், நாட்பட்ட சுவாச அடைப்பு நோயின் முதன்மைக் கூறாகிய எம்பிசீமாவைத் தெளிவுற விளக்கியவரும் அவரே என்பதை நம்மில் சிலரே அறிவோம்.

லென்னக் 1781 பிப்ரவரி 17 அன்று பிரான்சு நாட்டின் பிரிட்டானிப் பகுதியில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். நான்த் நகரில் மருத்துவராக இருந்த சிறிய தகப்பனார் கியோமின் அரவணைப்பில், பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவே வளர்ந்தார். 1801இல் பாரிசு சென்று, புகழ்பெற்ற மருத்துவர் கோர்விசாரிடம் பயின்று, 1804இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1816இல் நெக்கர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். இதயநோயின் அறிகுறிகளோடு இளம்பெண் ஒருவர் அவரிடம் வந்தார். நோயாளியின் மார்பில் காதை வைத்துக் கேட்பதே அக்கால வழக்கம். இளம்பெண்ணிடம் அவ்வாறு செய்ய நாணிய லென்னக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அவர் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். முன்னெப்போதும் கேட்டிராத தெளிவுடன் இதய ஒலி கேட்டது. புல்லாங்குழல் வாசிப்பதில் தேர்ந்த அவர், பின்னர் தம் கைகளாலேயே மரக்குழல்களைக் கடைந்தெடுத்தார். உயிருடன் இருந்தபோது கேட்ட ஒலியையும், இறந்தபின் உடலைத் திறந்து கண்ட மாற்றத்தையும் ஒப்பிட்டு ஆய்ந்து, 1819இல் இரு தொகுதிகளாக நூல் வெளியிட்டார்.

அந்நூலில்தான் எம்பிசீமாவைப் பற்றிய அவருடைய விளக்கம் இடம்பெற்றது. நுரையீரல்களைக் காற்றால் நிரப்பி உலர்த்தி, அறுத்துப் பார்த்தார். மூச்சுச் சிற்றறைகளின் சுவர்கள் சிதைந்து, பல அறைகள் ஒன்றாகிப் பெருத்திருந்தன. மார்பைத் திறந்த பின்னும் அந்நுரையீரல்கள் சுருங்கவில்லை. உட்சென்ற காற்று வெளியேற வழியின்றிச் சிறைப்பட்டிருந்தது.

சுவர்களை இடித்தது யார்? அவ்வினாவுக்கு விடைகாண அவர் காலத்து அறிவியல் வளர்ந்திருக்கவில்லை. விடை பின்னாளில் வந்தது. பீடி, சிகரெட்டுப் புகையோ விறகடுப்பின் புகையோ ஆண்டுக்கணக்கில் நுரையீரலுள் சென்றால், அங்கே காவல் புரியும் விழுங்கணுக்கள் கிளர்ச்சியுற்று, நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களைத் துணைக்கு அழைக்கின்றன. கிருமியை அழிக்க வேண்டிய அவ்வணுக்கள் எலாஸ்டேஸ் என்னும் நொதியைச் சொரிகின்றன. அந்நொதி சிற்றறைச் சுவர்களின் மீள்தன்மைக்கு ஆதாரமான எலாஸ்டினை அரித்துவிடுகிறது. இந்நொதியை அடக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்னும் புரதம் பிறவியிலேயே குறைந்தவர்க்கு இந்நோய் வருவதை 1963இல் சுவீடன் நாட்டு லாரெல், எரிக்சன் ஆகியோர் வெளியிட்டனர். காவலரே வீட்டை இடிக்கும் கதை அப்போது தெளிவாகத் தொடங்கியது. டி-அணுக்களுக்கும் இதில் பங்குண்டு எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இன்னொரு கொடுமையும் உண்டு: இந்நோயாளிகளின் விழுங்கணுக்கள் கிருமிகளை விழுங்கும் திறனிலும் குன்றிவிடுகின்றன. அதனாலும் அவர்கள் சளித் தொற்றுக்கு அடிக்கடி ஆளாகின்றனர்.

பிறர் மூச்சைக் கேட்டே வாழ்ந்த லென்னக்கின் மூச்சைக் காசநோய் கவர்ந்தது. 1826இல் நூலின் இரண்டாம் பதிப்பை முடித்துவிட்டுப் பிரிட்டானிக்குத் திரும்பினார். அவருடைய மார்பைக் குழல்வைத்துக் கேட்டவர் தம்பி முறையான மெரியாதெக். அவ்வாண்டு ஆகஸ்ட் 13 அன்று, நாற்பத்தைந்தாம் வயதில் லென்னக் மறைந்தார். தம் மரக்குழலை மெரியாதெக்கிற்கே உரிமையாக்கிச் சென்றார்.

இடிந்த சிற்றறைச் சுவர்களை மீண்டும் எழுப்பும் மருந்து இன்றளவும் இல்லை. எந்த வயதில் புகையை விட்டாலும் மேலும் இடிவது மெதுவாகும். ஆயின் போனது போனதுதான். ஆதலின், புகையைத் தொடாதிருப்பது மாணவர் கடமை. புகையற்ற அடுப்பை அன்னையர்க்கு அமைத்துத் தருவது குடும்பத்தார் கடமை. நோயாளியின் நெஞ்சொலியைப் பொறுமையுடன் செவிமடுத்த அப்பெருமகனுக்கு நாம் செலுத்தும் நன்றி, நம் வீட்டாரின் மூச்சொலியைக் காலத்தே கவனிப்பதாக இருக்கட்டும்.