கல்யாணத்தன்று கொடுத்த கடிதம்

வீட்டுக்குப் போன் பண்ணினா முதல்ல வர்ற கேள்வி, சாப்பிட்டியா. ரெண்டாவது, பிளேஸ்மெண்ட் என்னாச்சு. நீங்க பொண்ணா இருந்தா ஃபைனல் இயர் வந்ததும் மூணாவதா ஒண்ணு சேர்ந்துக்கும். அது கேள்வியா வராது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கு என்கிற தகவலா வரும்.

எங்க கிளாஸ்ல ஒருத்தி, டிகிரி முடிச்சதும் பைலட் டிரெய்னிங் போகணும்னு வீட்டில் சொன்னாள். எவ்வளவு செலவாகும்னுதான் பேச்சு வரும்னு நாங்க நினைச்சோம். அவளோட அத்தை கேட்டது வேற. பாதி நாள் வீட்டில் தங்காத பொண்ணை யார் கட்டிப்பாங்க, குழந்தை பிறந்தா யார் பார்த்துப்பாங்க. அவளிடம் பதில் இல்லை. எங்க யாரிடமும் இல்லை.

அந்த வாரம் இன்டர்னல்ஸுக்குப் படிக்கிற சாக்கில் நான் படிச்சது அமீலியா ஏர்ஹார்ட்டின் வாழ்க்கையை. அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண், பசிபிக்கில் காணாமல் போனவர். இந்த ரெண்டும் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டுக் கதை இருக்கு. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

1897-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், அட்சிசன் என்ற ஊரில் பிறந்தார். அம்மா வசதியான வீட்டுப் பெண். அப்பா எட்வின், ரயில்வேக்காக வழக்குகளைக் கவனித்த வக்கீல். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது, அப்பா குடிக்க ஆரம்பிக்கும் வரை. வேலை போனது. ஊர் ஊராக மாறினார்கள். கணவன் சரிந்தால் மனைவியும் பிள்ளைகளும் கூடவே சரிய வேண்டியதுதான் என்பதை அமீலியா புத்தகத்தில் படிக்கவில்லை, வீட்டில் பார்த்தார். சின்ன வயசிலேயே ஒரு நோட்டில் பேப்பர் கட்டிங் ஒட்டி வைப்பாராம். ஆண்கள் மட்டுமே செய்யும் வேலைகளில் ஜெயிச்ச பெண்களைப் பற்றிய செய்திகள். அவர் தேடியது எதுன்னு புரியுது இல்லையா?

1920 டிசம்பர், கலிஃபோர்னியாவில் லாங் பீச். அந்தக் குடிகார அப்பாதான் பத்து டாலர் கட்டி மகளை முதல் தடவையாக விமானத்தில் ஏற்றிவிட்டார். பறந்தது பத்தே நிமிஷம். இறங்கும்போது முடிவு பண்ணியாச்சு. அடுத்த வருஷம் நீட்டா ஸ்னூக் என்ற பெண் விமானியிடம் பயிற்சி. காசுக்காக டெலிபோன் கம்பெனி வேலை உட்படக் கிடைத்ததையெல்லாம் செய்தார். அம்மாவும் தன் பணத்திலிருந்து கொடுத்து உதவ, மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் வாங்கினார். அதற்குக் கேனரி என்று பெயர் வைத்தார். 1922-ல் அதில் 14,000 அடி ஏறி, பெண்களுக்கான உயரச் சாதனையும் செய்தார்.

இந்த இடத்தில் கதை நேரா மேலே போகும்னு நினைப்பீங்க. போகலை. அம்மாவுக்கு வந்த பரம்பரைப் பணம் ஒரு சுரங்க முதலீட்டில் கரைந்தது. 1924-ல் அப்பாவும் அம்மாவும் விவாகரத்து. அமீலியா விமானத்தை விற்றார். ஒரு மஞ்சள் கார் வாங்கினார். அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, மேற்குக் கரையிலிருந்து பாஸ்டன் வரை அந்தக் கண்டத்தையே குறுக்காக ஓட்டிக்கொண்டு போனார். எம்.ஐ.டி.யில் சேரும் திட்டம் இருந்தது. காசில்லாமல் அதுவும் போச்சு. (ஆமாங்க, எம்.ஐ.டி.யேதான். நம்ம குரோம்பேட்டை இல்லை, அந்தப் பக்கத்து எம்.ஐ.டி.) கடைசியில் பாஸ்டனில், வெளிநாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்களுக்கு உதவும் டெனிசன் ஹவுஸில் சமூக சேவகி வேலை. வயசு முப்பதை நெருங்குது.

வானத்தையே கட்டிக்கிட்டு குடும்பத்தை உதறினவர் என்று இவரைப் பற்றிச் சொல்பவர்கள் இந்த மஞ்சள் கார் பயணத்தை ஏனோ சொல்வதே இல்லை.

சரி, இப்போ சாம் சாப்மன். கெமிக்கல் இன்ஜினீயர், நம்ம ஆளு. லாஸ் ஏஞ்சல்ஸில் இவர்கள் வீட்டில் வாடகைக்குத் தங்கியவர். அமீலியாவை விரும்பி, பின்னாலேயே பாஸ்டனுக்கு வந்து அங்கே வேலை தேடிக்கொண்டவர். நிச்சயமும் ஆனது. நல்ல மனுஷன். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர். அந்தக் காலத்தில் அது தப்பான ஆசையே இல்லை, எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். தன் வேலை நேரம்தான் அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று எண்ணி, வேலையை மாற்றிக்கொள்ளக்கூடத் தயாரானார். பிரச்சினை அவருடைய வேலை இல்லை, தன்னுடைய வேலை என்பதை அமீலியாவால் அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை.

1928-ல் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஒரு விமானத்தில் பெண் ஒருவர் பயணியாகப் போக வேண்டும் என்று ஆள் தேடினார்கள். அழைப்பு அமீலியாவுக்கு வந்தது. பரம ரகசியம். கிளம்புவதற்கு முன்னால், திரும்பி வராவிட்டால் பிரிக்கச் சொல்லி அப்பாவுக்கு ஒரு கடிதம், அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். விமானம் கிளம்பிய பிறகு வீட்டில் போய் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? சாமிடம்தான். அந்த மனுஷன் போய்ச் சொல்லவும் செய்தார். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வேல்ஸ் வரை கிட்டத்தட்ட 21 மணி நேரம். ஓட்டியது வில்மர் ஸ்டல்ட்ஸ், மெக்கானிக் லூ கார்டன். இவர் சரக்கு மாதிரி ஏறி உட்கார்ந்து வந்ததுதான் மிச்சம் என்பதில் அவருக்கே வெட்கம். ஆனால் ஊர் கொண்டாடியது இவரை. அந்த வருஷம் முடிவதற்குள் நிச்சயம் முறிந்தது.

சாம் மேல எனக்கு ஒரு பரிதாபம் உண்டு. இந்தக் கதையில் யாருமே வில்லன் இல்லை, அதுதான் கஷ்டம்.

அந்தப் பயணத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் புட்னம். புத்தகப் பதிப்பாளர், விளம்பரத்தில் கில்லாடி. ஏற்கெனவே மணமாகி விவாகரத்தானவர், ரெண்டு பையன்களுக்கு அப்பா. ஆறு தடவை கேட்ட பிறகுதான் அமீலியா சம்மதித்தார் என்பார்கள். 1931 பிப்ரவரி 7, கனெடிகட்டில் நோவாங்க் என்ற ஊரில் புட்னமின் அம்மா வீட்டில், ஐந்து நிமிஷத்தில் முடிந்த எளிமையான கல்யாணம். அன்றைக்குத்தான் மாப்பிள்ளை கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார் அமீலியா.

அதில் இருந்ததைச் சுருக்கமா சொல்றேன். கல்யாணம் செய்துகொள்ளத் தனக்குத் தயக்கம் இருக்கிறது. தனக்கு எல்லாமுமாக இருக்கும் வேலையில் வாய்ப்புகள் நழுவிவிடுமோ என்று பயம். பழைய காலத்துக் கட்டுப்பாடுகளை நீயும் என்மேல் போடாதே, நானும் போட மாட்டேன். ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிட வேண்டாம். எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் எப்போதும் அதற்குள்ளேயே இருக்க முடியாது, தனியாகப் போய் இருக்க எனக்கென்று ஓர் இடம் வேண்டும். ஒரு வருஷத்தில் நாம் சந்தோஷமாக இல்லை என்று தெரிந்தால் என்னைப் போக விட்டுவிட வேண்டும், அதற்கு வாக்கு கொடு.

நல்ல நாள் அதுவுமா கொடுக்கிற கடிதமா இதுன்னு தோணுதா? எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு. இப்போ இதைப் போஸ்டர் மாதிரி ஆளாளுக்கு ஷேர் பண்றாங்க, ரொம்பத் தைரியமான கடிதம்னு. மறுபடி படிச்சா அதில் தைரியத்தை விடப் பயம்தான் அதிகம் தெரியுது. அம்மாவைப் பார்த்து வந்த பயம். எல்லாரும் கல்யாணத்துக்குப் பிறகு சண்டை போட்டுத் தெரிந்துகொள்வதை, இவர் முன்னாடியே எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

புட்னம் அதைப் படித்தார், ஒத்துக்கொண்டார். ஒரு வருஷக் கெடு 1932 பிப்ரவரியில் முடிந்தது. இருவரும் பிரியவில்லை. மூணு மாசம் கழித்து, மே 20 மாலை, அமீலியா சிவப்பு லாக்ஹீட் வேகா விமானத்தில் ஹார்பர் கிரேஸிலிருந்து தனியாகக் கிளம்பினார். நடுவழியில் உயரமானி செத்துவிட்டது. எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் விட்டு நெருப்பு வெளியே தெரிந்தது. இறக்கையில் பனி படிந்து விமானம் சுழன்று கீழே போனது. பாரிஸ் போக நினைத்தவர், சுமார் 15 மணி நேரம் கழித்து வட அயர்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். அந்த ராத்திரி முழுக்க புட்னம் நியூயார்க்கில் செய்திக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒண்ணைக் கவனிக்கணும். அமீலியாவுக்கு மாசச் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் வேலை கிடையாது. அப்போது விமான கம்பெனிகள் பெண்ணை எடுக்காது. 1934 கடைசியில் ஹெலன் ரிச்சி என்பவரை ஒரு கம்பெனி எடுத்தது. விமானிகள் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, மோசமான வானிலையில் ஓட்ட விட வேண்டாம் என்று அரசுத் தரப்பிலிருந்தே பேச்சு வந்தது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவர் விலகிவிட்டார். ஆக, ஒரு பெண் பறந்து பிழைக்க ஒரே வழி சாதனை, அப்புறம் அந்தச் சாதனையைப் பற்றிய பேச்சு. ஊர் ஊராகச் சொற்பொழிவு. ஒரே வருஷத்தில் நூற்றுக்கும் மேல். பல ஊர்களுக்குக் காரை அவரே ஓட்டிக்கொண்டு போவார். அவரை வீட்டிலிருந்து பிரித்து வைத்தது ஆகாயம் என்று நாம் நினைக்கிறோம். கணக்குப் பார்த்தால் பிரித்து வைத்தது ஆடிட்டோரியங்கள்தான். அந்தப் பணத்தில்தான் அடுத்த விமானம். அந்தப் பணத்திலிருந்துதான் அம்மாவுக்குச் செலவுக்கு அனுப்பினார், தங்கைக்கும் உதவினார். பறப்பதா குடும்பமா என்று நாம் கேட்கிறோம். அந்தக் குடும்பம் ஓடியதே அவர் பறந்ததால்தான்.

புட்னம்? அவர்தான் மேனேஜர். சொற்பொழிவு, புத்தகம், விளம்பரம் எல்லாம் அவர் ஏற்பாடு. கணவன் எங்கே முடிகிறார், மேனேஜர் எங்கே ஆரம்பிக்கிறார் என்று சொல்வது கஷ்டம். மனைவி பறந்தால்தான் கணவனுக்கும் தொழில். இது ஆதரவா, அழுத்தமா? ரெண்டும்தான்னு எனக்குத் தோணுது. இவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால அந்த அத்தையோட ரெண்டாவது கேள்விக்கு இந்த வாழ்க்கையில் பதில் கிடைக்காது. அதை மறைச்சுட்டு எழுத எனக்கு மனசில்லை.

1935-ல் பர்டியூ பல்கலைக்கழகம் இவரை அழைத்தது. இன்ஜினீயரிங்குக்குப் பேர்போன இடம். மாணவிகளுக்கு வேலை பற்றிய ஆலோசகர், கூடவே விமானத் துறைக்கும் ஆலோசனை. வந்து தங்கியது பெண்கள் ஹாஸ்டலில்தான். மாணவிகளிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். ஏன் படிக்க வந்தீர்கள், வேலைக்குப் போவீர்களா, கல்யாணத்துக்குப் பிறகும் தொடர்வீர்களா என்றெல்லாம். அதில் எனக்குப் பிடித்தது, மனைவி வேலைக்குப் போனால் வீட்டில் கணவனுடைய பங்கு என்னவாக இருக்க வேண்டும் என்கிற கேள்வி. 1935-ல்! நான் சொன்ன அந்தத் தோழி அந்தக் கேள்வியை அப்படியே எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். பொண்ணுங்க பத்தி பத்தியா எழுதினாங்க. பசங்க தரப்பில் இதுவரை வந்தது ரெண்டு ஸ்மைலி.

பர்டியூ திரட்டித் தந்த பணத்தில் வந்ததுதான் ரெட்டை இன்ஜின் லாக்ஹீட் எலக்ட்ரா. 39-வது பிறந்த நாளன்று கைக்கு வந்தது. பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றுவது திட்டம். இதுவே தன்னுடைய கடைசிப் பெரிய பயணம் என்கிற மாதிரி நெருங்கியவர்களிடம் பேசியிருக்கிறார். ஹாலிவுட் பக்கம் டொலூகா லேக்கில் வீடும் தயாராக இருந்தது. 1937 மார்ச்சில் முதல் முயற்சி ஹவாயில் ஓடுதளத்திலேயே விபத்தாகி நின்றது. ஜூன் 1-ல் மயாமியிலிருந்து, இந்த முறை கிழக்கு நோக்கி, மறுபடி கிளம்பினார். கூட நேவிகேட்டர் ஃபிரெட் நூனன். அவருக்கும் அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

ஜூன் நடுவில் கராச்சி வந்து சேர்ந்தார்கள். அன்றைய இந்தியா அது. அங்கே ஒட்டகச் சவாரி செய்தார். நியூயார்க்கிலிருந்த புட்னமுடன் டெலிபோனில் பேசினார். உலகத்தின் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடுவில் ஒரு கணவன் மனைவி பேச்சு. பிறகு கல்கத்தா டம்டம். நம்ம ஊர் மழைக்காலம் தெரியுமே, ஓடுதளம் சேறாகிக் கிடந்தது. முழு எரிபொருளோடு மரங்களைத் தட்டாத குறையாக எழும்பிப் போனது விமானம்.

ஜூலை 2, நியூகினியில் லாயே என்ற ஊரிலிருந்து ஹவ்லேண்ட் தீவுக்குப் புறப்பட்டார்கள். 4,000 கிலோமீட்டருக்கும் மேல் வெறும் கடல். கடைசியில் ரெண்டரை கிலோமீட்டர்கூட நீளம் இல்லாத ஒரு மணல் திட்டு. அங்கே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலுக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது. கப்பலின் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. அவர் கேட்ட அலைவரிசையில் கப்பல் சிக்னல் அனுப்பியது. அது காதில் விழுந்தும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஈ.சி.ஈ. நண்பர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம். காலை எட்டே முக்கால் வாக்கில் கடைசிச் செய்தி வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

புட்னம் அப்போது கலிஃபோர்னியாவில் கடலோரக் காவல்படையின் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கப்பற்படைத் தேடல் ஜூலை 19-ல் நின்றது. அதற்குப் பிறகும் தன் பங்குக்குத் தேடச் சொல்லிப் பார்த்தார். 1939 ஜனவரியில் கோர்ட் அமீலியா இறந்துவிட்டதாக அறிவித்தது. அதே வருஷம் புட்னம் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அதே வருஷம் மனைவியைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். நோவாங்கில் அன்றைக்குத் தன் கையில் கொடுக்கப்பட்ட அந்தக் கடிதத்தை, ஒரு வருஷக் கெடு உட்பட, ஊர் படிக்க அதில் அச்சுக்குக் கொடுத்தார்.