ஜார்ஜ் கேட்பரி

பொருள் ஈட்டுவோர் உலகிற் பலர். ஈட்டிய பொருளைப் பிறர்க்கு ஈவோரும் உளர். ஆயின், ஈட்டும் வழியும் அறவழியாக இருத்தல் வேண்டும் என்று கருதி முயன்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு வணிகராகிய ஜார்ஜ் கேட்பரி. கொக்கோவும் சாக்லேட்டும் செய்து விற்ற குடும்பத்தில் தோன்றிய அவர், தொழிலாளர் வாழ்வுக்குப் புதியதொரு நெறி வகுத்தார்.

குடும்பமும் இளமையும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பர்மிங்காம் என்னும் தொழில் நகரம் உள்ளது. அந்நகரின் புல் தெருவில் ஜான் கேட்பரி என்பவர் 1824ஆம் ஆண்டில் ஒரு கடை திறந்தார். தேயிலை, காப்பி, கொக்கோ ஆகியவற்றை அவர் விற்றுவந்தார். 1831 முதல் கொக்கோவைத் தாமே பக்குவஞ் செய்யவும் தொடங்கினார். அவருடைய மைந்தராக ஜார்ஜ் 1839ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார்.

கேட்பரி குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர். குவேக்கர் எளிய வாழ்வினர், ஒருங்கு கூடி அமைதியாக அமர்ந்து இறைவனை வழிபடுவோர், போரை வெறுப்போர், என்றும் மெய்யே பேசவேண்டும் ஆதலின், நீதிமன்றத்தில் தனியே ஆணையிடுதல் வேண்டா என்று மறுப்போர். நாட்டின் அரசாங்கத் திருச்சபையை அவர்கள் சாராமையால், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிற் பட்டம் பெறும் வாய்ப்பு நெடுங்காலம் அவர்களுக்கு இல்லாதிருந்தது. எனவே, பலர் வாணிகத்திற் புகுந்தனர். குடிப்பழக்கத்தால் ஏழைக் குடும்பங்கள் அழிவதைக் கண்டு வருந்திய அவர்கள், மதுவுக்கு மாற்றாகக் கொக்கோ பயன்படும் என நம்பினர். யார்க் நகரத்து ரௌன்ட்ரீ குடும்பத்தாரும், பிரிஸ்டல் நகரத்துப் பிரை குடும்பத்தாரும் இத்தொழிலை மேற்கொண்ட குவேக்கர்களே.

இடர்ப்பட்ட வாணிகம்

ஜார்ஜின் தாயார் 1855ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் தந்தையாரின் உடல்நலம் குன்றியது, வாணிகமும் தளர்ந்தது. 1861ஆம் ஆண்டில் மூத்தவராகிய ரிச்சர்டும் இளையவராகிய ஜார்ஜும் அதனை ஏற்றனர். அப்போது ஜார்ஜுக்கு வயது 21. தாயார்வழி வந்த செல்வத்தில் ஒவ்வொருவரும் 4,000 பவுன் முதலிட்டனர். முதற் சில ஆண்டுகள் இழப்பே மிஞ்சியது. விடியற்காலை முதல் இரவு வரை இருவரும் உழைத்தனர். செய்தித்தாள் வாங்குவதையும் ஜார்ஜ் நிறுத்திக்கொண்டார். முதல் முற்றும் கரையுமுன், எவருக்கும் கடன் வையாமல் தொழிலை மூடிவிடுவதென இருவரும் உறுதி செய்திருந்தனர். அவ்வாறு நேரின், இமயமலைச் சாரலிற் சென்று தேயிலை பயிரிடலாம் என்பது ஜார்ஜின் எண்ணம்.

அக்காலத்துக் கொக்கோவில் நெய்ப்பசை மிகுதி. அதனை மறைக்க உருளைக்கிழங்கு மாவு, சவ்வரிசி மாவு முதலியவற்றைக் கலப்பது வழக்கம். கேட்பரியார் செய்த கொக்கோவும் அத்தகையதே. ஹாலந்து நாட்டில் வான் ஹௌட்டன் என்பார் கொக்கோவின் நெய்யைப் பிழிந்தெடுக்கும் பொறியைப் பயன்படுத்தி வந்தனர். ஜார்ஜ் அந்நாட்டுக்குச் சென்று அப்பொறியை வாங்கிவந்தார். 1866ஆம் ஆண்டில் மாவு கலவாத தூய கொக்கோத்தூளைச் சகோதரர் விற்கத் தொடங்கினர். பிழிந்தெடுத்த நெய் சாக்லேட் செய்ய உதவிற்று. கலப்படத்திற்கு எதிரான சட்டங்கள் 1872, 1875 ஆகிய ஆண்டுகளில் வந்தபோது, தூய பொருளுக்கு மதிப்பு மேலும் உயர்ந்தது. வீழ இருந்த வாணிகம் இவ்வாறு நிமிர்ந்து நின்றது.

மாணவர் கற்பித்த பாடம்

ஜார்ஜ் இளமை முதலே மற்றொரு பணியையும் மேற்கொண்டிருந்தார். பர்மிங்காமின் செவர்ன் தெருவில், எழுத்தறியாத தொழிலாளர்க்கென ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முதியோர் பள்ளி நடந்தது. அதில் அவர் ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். தம் மாணவர்களின் வீடுகளுக்கும் அவர் செல்வதுண்டு. அவை காற்றும் வெளிச்சமும் புகாத இருண்ட சந்துகளில் நெருங்கிக் கிடந்தன. பகலெல்லாம் உழைத்து அத்தகைய இருளுக்குத் திரும்பும் ஒருவன் மதுக்கடையை நாடுவதில் வியப்பில்லை என்பதை அவர் கண்டார். எழுத்தை மட்டும் கற்பித்தல் போதாது. மனிதன் மனிதனாக வாழ இடமும் வேண்டும் என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது. கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொண்ட பாடம் அது.

போர்ன்வில்

1879ஆம் ஆண்டில் சகோதரர் தம் தொழிற்சாலையை நகரிலிருந்து ஏறத்தாழ 4 மைல் தெற்கே, போர்ன் என்னும் சிற்றாற்றங்கரைக்கு மாற்றினர். அவ்விடத்திற்குப் போர்ன்வில் எனப் பெயரிட்டனர். புகை மண்டிய நகரைவிட்டுப் பசும்புல்வெளிக்குத் தொழிற்சாலை செல்வதை அக்காலத்தார் புதுமையாகக் கண்டனர். தொழிலாளர்க்கு விளையாட்டுத் திடல்களும் தோட்டங்களும் அங்கு அமைந்தன.

1893ஆம் ஆண்டில் ஜார்ஜ் தம் சொந்தப் பொருளால் அருகில் 120 ஏக்கர் நிலம் வாங்கினார். 1895 முதல் அங்கு வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு மனையிலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் வீடு அமையலாகாது. எஞ்சிய நிலம் தோட்டமாதல் வேண்டும் என்பது விதி. குடிபுகுவோர்க்குத் தோட்டம் முன்னரே கொத்திப் பண்படுத்தப்பட்டு, கனிமரங்களும் நடப்பட்டிருந்தன. மதுக்கடைக்கு அவ்வூரில் இடமில்லை. தம் தொழிலாளரை மட்டுமன்றிப் பிற தொழில் செய்வோரையும் அவர் அங்குக் குடியேற்றினார்.

1899ஆம் ஆண்டில் தமையனார் ரிச்சர்டு எருசலேம் நகரில் மறைந்தார். அடுத்த ஆண்டில், அதாவது 1900இல், ஜார்ஜ் ஓர் அரிய செயல் செய்தார். 330 ஏக்கர் நிலத்தையும், அதிலிருந்த 300க்கு மேற்பட்ட வீடுகளையும் ஓர் அறக்கட்டளைக்கு உரிமையாக்கினார். அவற்றின் வருவாய் தமக்கோ தம் மக்களுக்கோ சேராமல், வீடுகளைப் பெருக்கவும் ஊரைப் பேணவுமே பயன்படல் வேண்டும் என விதித்தார்.

பொதுப்பணியும் ஒரு கறையும்

1901ஆம் ஆண்டில் அவர் 'டெய்லி நியூஸ்' என்னும் நாளிதழை வாங்குவதிற் பங்குகொண்டார். தென்னாப்பிரிக்கப் போரை அவ்விதழ் எதிர்த்தது. முதியோர்க்கு உதவித்தொகை வேண்டும் என வற்புறுத்தியது. 1906ஆம் ஆண்டில், மிகக் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைப்போரின் நிலையைக் காட்டும் கண்காட்சியொன்றை அவ்விதழார் நடத்தினர்.

ஆயினும், அவர் வாழ்விலும் ஒரு கறை படிந்தது. ஆப்பிரிக்காவின் மேற்கே போர்ச்சுகல் நாட்டுக்கு உரியவாக இருந்த சான் தோமே, பிரின்சிப்பே தீவுகளிலிருந்து அவர்தம் நிறுவனம் கொக்கோ வாங்கிவந்தது. அங்கோலாவிலிருந்து கொணரப்பட்ட மக்கள் அத்தீவுகளில் அடிமைகளைப் போல உழைப்பதாக 1901ஆம் ஆண்டில் செய்தி எட்டியது. உண்மையை ஆராய ஆள் அனுப்பினர். அரசாங்கத்தாரோடும் போர்ச்சுகீசியரோடும் பேசினர். ஆனால், கொக்கோ வாங்குவதை அவர்கள் நிறுத்தியது 1909ஆம் ஆண்டிலேதான். இக்காலத்தாழ்வைப் பழித்தெழுதிய ஒரு செய்தித்தாளின்மேல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கில் வென்றதெனினும், நடுவர் குழுவினர் அளித்த இழப்பீடு ஒரு பென்னியில் நாலில் ஒரு பங்கே. கண்முன் உள்ள தொழிலாளிக்குத் தோட்டம் அமைத்த கை, கடலுக்கு அப்பால் வாடிய தொழிலாளிக்கு விரைந்து நீளவில்லை. நல்லோர்க்கும் தொலைவில் உள்ள துன்பம் சிறிதாகத் தோன்றக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

நிலைத்த செல்வம்

ஜார்ஜ் கேட்பரி 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள், தம் 83ஆம் வயதில் மறைந்தார். அவர் வளர்த்த நிறுவனம் 1969ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனமொன்று அதனை விலைக்கு வாங்கிற்று. போர்ன்வில் அறக்கட்டளையோ, எவருக்கும் விலைபோகாமல் தன் பணியைத் தொடர்ந்து ஆற்றி வருகின்றது. குடும்பத்தார் தமதென்று வைத்துக்கொண்டது கைம்மாறிப் போயிற்று. பிறர்க்கென்று விட்டுக்கொடுத்தது நிலைத்து நிற்கின்றது. செல்வத்தின் இயல்பை இதனினும் தெளிவாக உணர்த்துவது அரிது.