திறக்காத கதவு

சென்ற மாதம் விளையாட்டு மன்றத் தேர்வில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தச் சோர்வில்தான் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மாணவப் பருவத்தைப் படித்தேன்.

1900இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒல்லியான உடல், பல்கலைக்கழகக் காற்பந்துக் குழுவில் இடமில்லை. அதைவிட வலித்தது போர்செலியன் மன்றம். தூரத்து உறவினரான அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதன் பழைய உறுப்பினர். ஃபிராங்க்ளினையோ சேர்க்கவில்லை.

மாணவர் நாளிதழான கிரிம்சனில் உழைத்தார். 1903இல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். காற்பந்துத் திடலில் இன்னும் உரக்க ஆரவாரம் செய்யுங்கள் என்று மாணவர்களைத் தலையங்கத்தில் கடிந்துகொண்டார். (குழுவில் இடம் கிடைக்காதவர்!) அவ்வாண்டு பரம எதிரியான யேல் பல்கலைக்கழகம் 16-0 என வென்றது வேறு கதை.

பின்னாளில் நான்கு முறை அதிபராகத் தேர்வானார். ஆனாலும், அந்த மன்ற ஏமாற்றம் பல ஆண்டுகள் அவர் மனத்தை உறுத்தியதாம்.

எனக்கு ஒரு மாதம்தானே ஆகிறது.