பொறியியல் கற்ற இளந்தாய்



தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும் வழியில் நுரைச்சோலையைக் கடக்கிறீர்கள். 2011 முதல் அங்கே அனல்மின் நிலையம் இயங்கி வருகிறது. அத்தகைய இடத்தில் என் மகளும் பொறியியலாளராய் நிற்கலாமே என்று உங்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பீர்கள்? எண்ணியும் அஞ்சுகின்ற பெற்றோருக்காக லலிதா அம்மையாரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

1919 ஆம் ஆண்டு சென்னையில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். பதினைந்து வயதில் திருமணம். 1937 இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. கைக்குழந்தைக்கு நான்கு மாதம். மூலையில் ஒதுங்கியிருக்க மனமில்லாமல், படித்துச் சொந்தக் காலில் நிற்கத் தீர்மானித்தார். வைத்தியரானால் நடுநிசியிலும் பிள்ளையை விட்டுப் போக நேரிடும். ஆகவே தந்தையும் சகோதரர்களும் சென்ற பொறியியல் வழியையே தெரிந்துகொண்டார்.

தந்தை சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். அவர் அதிபர் சாக்கோவிடம் பேசினார். அரசாங்கக் கல்விப் பணிப்பாளரும் இசைந்தார். ஆண்கள் மாத்திரமே பயின்ற கல்லூரியின் கதவு திறந்தது.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? அத்தனை ஆண் மாணவர் நடுவே ஒரே பெண்! விடுதியில் பேச்சுத் துணைக்கும் ஆளில்லை, தனிமை வாட்டியது. பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே லீலாம்மா ஜோர்ஜ், திரேசியா என்னும் இருவர் குடிசார் பொறியியல் படிக்க வந்தனர். இவர்களுள் திரேசியா கேரளத்துக் கத்தோலிக்கப் பெண். 1971 இல் அம்மாநிலப் பொதுவேலைப் பகுதியின் பிரதம பொறியியலாளராக உயர்ந்தவர்.

1943 இல் லலிதா பட்டம் பெற்றார். சான்றிதழில் ஆண்பாற் சொல்லே அச்சாகியிருந்தது. அதை வெட்டி, பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

ஜமால்பூர் புகையிரதத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்று, சிம்லாவில் பணியாற்றி, பின்னர் கல்கத்தாவில் மின்பொறிக் கம்பனியொன்றில் நெடுங்காலம் உழைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்பிறப்பாக்கி வேலைகளிலும் அவர் பங்கு உண்டு. உறவினர் துணையோடு மகளையும் வளர்த்து ஆளாக்கினார். 1964 இல் நியூயோர்க்கில் கூடிய பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகளின் முதலாவது சர்வதேச மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1979 இல் காலமானார்.

பார்த்தீர்களா? லலிதாவின் திறமை பெரிதுதான். ஆனால் பரிந்து பேசிய தந்தை, இணங்கிய அதிபர், பக்கத்தில் வந்தமர்ந்த தோழியர், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட உறவினர் ஆகிய இத்தனை பேரும் சேர்ந்தல்லவா அவரைப் பொறியியலாளராக்கினர்! பல்கலைக்கழகத்தையோ வேலைத்தளத்தையோ நடத்துவோர், ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டோம் என்று திருப்தியடையலாகாது. அவள் அங்கே நிலைத்திருக்க வழி செய்யவேண்டும். பெற்றோரே, உங்கள் பங்கு வீட்டில் தொடங்குகிறது. விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் மகளைத் தடுக்காதீர்கள். நாளை அவள் வேலைக்குப் போகும்போது பேரப்பிள்ளையை ஏந்திக்கொள்ள உங்கள் கைகள் ஆயத்தமாயிருக்கட்டும்.