தன் குற்றம் உரைத்த கொற்றவன்

தலைமைப் பதவியில் அமர்ந்திருப்போர் பலருக்கு ஓர் அச்சம் உண்டு. தம் குறையைத் தம்கீழ்ப் பணிபுரிவோர் அறிந்துகொண்டால், தம் சொல் எடுபடாமற் போய்விடுமோ என்பதே அவ்வச்சம். ஆதலின், அறியாததை அறிந்தார்போற் காட்டுவர். தாம் தவறியவிடத்தும் தவறியவர் பிறரே என்பர். கந்தோரின் மேலதிகாரி முதல் நாடாளும் தலைவர் வரை இவ்வியல்பு பரவலாகவே காணப்படுகின்றது. இதற்கு மாறாக, தன் தவற்றைத் தானே கல்லில் வெட்டுவித்து, உத்தியோகத்தரும் குடிகளும் அறியச் செய்த பேரரசன் ஒருவன் 2,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தான். அவனே மௌரிய மன்னன் அசோகன்.

அசோகன் சந்திரகுப்தனின் பேரன், பிந்துசாரனின் மைந்தன். பாடலிபுத்திரத்தைத் தலைநகராகக் கொண்டு, கி. மு. 268ஆம் ஆண்டளவில் முடிசூடினான். அவன் இளமைபற்றி ஈழத்துப் பாளி நூல்கள் பல கதைகள் கூறும். உடன்பிறந்தார் 99 பேரைக் கொன்று அரியணை ஏறினான் என்பது மகாவமிசத்தின் கூற்று. ஆயின், உடன்பிறந்தாரின் மனைகளிலும் அறங்காக்கும் உத்தியோகத்தர் பணிபுரிந்தமையை அவன் சாசனமொன்று குறிப்பிடுவதால், ஆராய்ச்சியாளர் அக்கதையை அவ்வாறே ஏற்பதில்லை.

அவனை அறிதற்கு அவன் சாசனங்களே தக்க வாயில். அவையும் நெடுங்காலம் படிப்பாரின்றிக் கிடந்தன. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்பார் அவற்றின் எழுத்தைப் படித்தறிந்தார். சாசனங்களிற் பியதசி என வரும் மன்னன் அசோகனே என்பதைப் பாளி நூற் சான்றுகொண்டு காட்டியவர், இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தராயிருந்த ஜோர்ஜ் டேர்னர். 1915இல் மஸ்கி என்னுமிடத்துக் கிடைத்த சாசனம், அசோகன் என்ற பெயரையே தாங்கி நின்று அம்முடிவை உறுதிசெய்தது.

முடிசூடி எட்டாண்டு கழிந்தபின் அசோகன் கலிங்கத்தின்மீது படையெடுத்து வென்றான். வென்ற மன்னர் வெற்றித்தூண் நாட்டுதலும், பகைவர் தலைகளை எண்ணிப் பெருமைகொள்ளுதலும் உலக வழக்கு. அசோகனும் எண்ணினான், ஆனால், பெருமைகொள்வதற்காக அன்று. அவனது பதின்மூன்றாம் பாறைச் சாசனம், களத்தில் மாண்டோர் 1,00,000 பேர் என்றும், நாடுகடத்தப்பட்டோர் 1,50,000 பேர் என்றும், பிறவாற்றால் இறந்தோர் அதனினும் பன்மடங்கினர் என்றும் கணக்கிட்டுரைக்கின்றது. அத்துயரின் நூற்றிலொரு பங்கு, ஆயிரத்திலொரு பங்கு நேரினும் இனித் தன் நெஞ்சு வருந்தும் என்கின்றான். தான் உயிர்தப்பியும், நண்பரும் சுற்றத்தாரும் பட்ட துன்பத்தால் வாடியோரையும் அவன் மறந்தானல்லன்.

இவ்வொப்புதலில் நாம் நோக்கத்தக்கன சில உள. படைத்தலைவன்மீது அவன் பழிபோடவில்லை. கலிங்கர் தூண்டினர் என்று சாக்குச் சொல்லவில்லை. ஏதோ பிழை நேர்ந்தது எனப் பொதுப்படக் கூறி நழுவவுமில்லை. செய்தவன் தான் என்பதையும், செய்ததன் அளவு இன்னதென்பதையும் வெளிப்படையாக வைத்தான். தன் மைந்தரும் பேரரும் புதிய போர்வெற்றியை நாடலாகாது என்றும் அதே சாசனத்தில் வேண்டிக்கொண்டான். அச்சாசனமே சோழரையும் பாண்டியரையும், தாமிரபரணி எனப்பட்ட நம் ஈழத்தையும் தன் அறவெற்றி எட்டிய இடங்களாகக் கூறுகின்றது.

எனினும், மனம் வருந்தியவன் செங்கோலைக் கீழே போட்டுவிடவில்லை. பொறுக்கக்கூடியதைப் பொறுப்பதாகக் கூறும் அதே சாசனத்தில், காட்டுவாசிகள் அடங்கி ஒழுகாவிடின் தண்டிக்கும் வலி தனக்கு உண்டென்றும் எச்சரிக்கின்றான். மரணதண்டனையை அவன் ஒழிக்கவில்லை. தீர்ப்புப் பெற்றோர்க்கு மூன்று நாள் தவணை அளித்தான். கலிங்கத்தை அதன் மக்களிடம் திருப்பிக் கொடுக்கவுமில்லை. அவனை முற்றத் துறந்த முனிவனாகக் காண்போர் இவற்றை மறத்தலாகாது. அவன் இறுதிவரை ஆட்சியாளனாகவே இருந்தான்.

இனி, வியப்புக்குரிய செய்தியொன்று. வடமேற்கிற் சாபாஸ்கர்கியிலும், மேற்கிற் கிர்னாரிலும், வடக்கிற் கால்சியிலும் காணப்படும் இப்பதின்மூன்றாம் சாசனம், கலிங்க நாட்டிலுள்ள தவுலியிலும் யௌகடத்திலும் இல்லை. போரினால் துன்புற்ற மக்கள் நடுவே மன்னனின் மனவருத்தம் பொறிக்கப்படவில்லை. அவர்கள் புண்ணைக் கிளற அவன் விரும்பாமை காரணமாகலாம். வென்ற நாட்டில் அரசியல் எச்சரிக்கை கருதியதாகவும் இருக்கலாம். அறிஞர் இரண்டையும் கூறுவர். ஆனால், அங்கே அதற்கு ஈடாக நிற்பவை எவை என்பதை நோக்குதல் வேண்டும். அவை அங்குள்ள உத்தியோகத்தர்க்கு விடுத்த கட்டளைகள். மாந்தர் அனைவரும் தன் மக்களே என்கின்றான். காரணமின்றி எவரும் சிறைப்படலாகாது. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல், களைப்பு ஆகியவற்றுக்கு இடங்கொடுப்போர் நீதி வழங்கமாட்டார் என்கின்றான். அவர்கள் கடமையைக் கண்காணிக்க ஐந்தாண்டுக்கொருமுறை அதிகாரியை அனுப்பவும் ஏற்பாடு செய்தான். துன்புற்றவரிடம் தன் துன்பத்தைச் சொல்லி ஆறுதல் தேடாமல், அவர்க்கு ஆகவேண்டியதைச் செய்ய முற்பட்டான். தலைவன் ஒருவன் எதனை எங்கே சொல்லவேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

பெருங்குற்றத்தை மட்டுமன்றிச் சிறுகுறைகளையும் அவன் மறைக்கவில்லை. புத்த நெறியிற் சேர்ந்தபின் ஓராண்டளவு தான் ஊக்கமின்றி இருந்ததைச் சிறுபாறைச் சாசனத்தில் தானே அறிவித்தான். உயிர்க்கொலை கூடாதென்று ஆணையிட்ட சாசனத்திலேயே, தன் அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் இரு மயில்களும், சிலபோது ஒரு மானும் இன்னும் கொல்லப்படுவதை ஒளியாது கூறி, இனி அவையும் நிறுத்தப்படும் என்றான். உண்ணும்போதாயினும் அந்தப்புரத்தில் இருக்கும்போதாயினும் குடிகளின் காரியத்தைத் தனக்கு அறிவிக்கலாம் என்றான். தான் வாய்மொழியாக இட்ட ஆணைபற்றி மந்திரி சபையிற் கருத்துவேறுபாடு எழுந்தால், அதனையும் உடனே தெரிவிக்குமாறு பணித்தான். எவ்வளவு முயன்றும் தன் உழைப்பில் தனக்கு நிறைவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டான். பதினான்காம் சாசனத்தில், எழுதியவற்றுட் சில குறைவுபட்டிருக்கலாம் என்றும், எழுத்தன் பிழையும் அதற்குக் காரணமாகலாம் என்றும் ஒத்துக்கொண்டான். ஆணையிட்டவனே அதன் குறையையும் அறிந்திருந்தால், கீழுள்ளோர் குறையை எடுத்துரைக்க அஞ்சவேண்டியதில்லை அன்றோ!

அசோகன் கி. மு. 232ஆம் ஆண்டளவில் இறந்தான். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் மௌரியப் பேரரசும் மறைந்தது. அவன் மென்மையே அதற்குக் காரணம் என்பார் உளர். அதனை மறுப்பாரும் உளர். அவன் மகனாகப் பாளி நூல்கள் கூறும் மகிந்தர் மிகிந்தலையில் விதைத்த நெறி ஈழத்தில் இன்றும் நிலைத்திருக்கின்றது.

பிறரை ஏவிப் பணிகொள்ளும் பொறுப்புடையோர் இவ்வரசனிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. குறையை ஒப்புதல் கீழுள்ளோர்முன் புலம்புதல் அன்று. தன் பாரத்தை அவர் தோளில் ஏற்றுதலும் அன்று. செய்தது இன்னதென்று தெளிவாகச் சொல்லி, பழியைத் தானே ஏற்று, இனிச் செய்யப்போவதையும் உடன்கூறி, அதனைச் செய்தும் காட்டுதலே அது. அவ்வாறு செய்பவனின் ஆணைக்குக் கீழுள்ளோர் அச்சத்தாலன்றி நம்பிக்கையாற் பணிவர். கலிங்கப் போரை வென்ற அசோகனை அவன் காலத்தார் அஞ்சியிருப்பர். அப்போருக்காக வருந்திய அசோகனையே நாம் இன்றும் நினைக்கின்றோம்.